எட்டரை மணிப் போணி

டிசம்பர் 26, வெள்ளி

வழக்கமாக இந்த டைரியில் சரக்கு வந்த தேதியும் லாரி நம்பரும்தான் எழுதுவேன். இன்றைக்கு விமானத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். பேச ஆள் இல்லை. பக்கத்து சீட்டுக்காரர் ஏறினதும் கண்ணை மூடியவர் இன்னும் திறக்கவில்லை.

விஷயத்தைத் தெளிவாக எழுதிவிட்டால் எனக்கே கொஞ்சம் விளங்கும்.

தை ஒன்பது, ஜனவரி 23, திருநெல்வேலி டவுனில் எங்கள் மூன்றாவது பாத்திரக் கடை திறப்பு. காலை எட்டரைக்குப் போணி. அன்றைய முதல் வியாபாரத்தைத்தான் போணி என்கிறோம். அது நல்ல கையால் நடந்தால் அன்றைக்குக் கடை ஓடும், இல்லாவிட்டால் ஈ ஓட்டலாம். என் தம்பி கோமதிநாயகத்தின் கை ராசியான கை. சங்கரன்கோவில் கடையில் இருபத்து மூன்று வருஷமாகக் காலை எட்டரைக்கு முதல் பாத்திரத்தை எடுத்துக் கொடுத்தது அவன்தான். கொட்டுகிற மழையிலும் வந்திருக்கிறான், அவன் கல்யாணத்துக்கு மறுநாளும் வந்திருக்கிறான்.

அப்படிப்பட்டவன் பதினான்கு மாதத்துக்கு முன்னால் பெண்டாட்டி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அயர்லாந்துக்குப் போய்விட்டான். ஏன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்டால், "சும்மாதாண்ணே, போய்ப் பாப்போம்" என்றான். நாற்பத்து மூன்று வயதில் எவன் சும்மா போய்ப் பார்ப்பான்?

என் பையில் ஜனவரி 13-க்குத் திரும்பும் டிக்கெட் இரண்டு இருக்கிறது. ஒன்று எனக்கு, ஒன்று அவனுக்கு. அவனிடம் இன்னும் சொல்லவில்லை. சரக்கைக் கண்ணில் காட்டிய பிறகுதான் விலை சொல்ல வேண்டும். அது எனக்குப் பழக்கம்.

டிசம்பர் 28, ஞாயிறு

வந்து சேர்ந்தேன். டப்ளினில் சுங்க அதிகாரி என் பெட்டியைத் திறக்கச் சொன்னார். இட்லிக் கொப்பரையைப் பார்த்துப் பேசாமல் இருந்தவர் இடியாப்ப உரலைக் கையில் எடுத்து உருட்டி உருட்டிப் பார்த்தார். எனக்கு இங்கிலீஷில் அதற்கு வார்த்தை தெரியாது. உரலை வாங்கி, ஒன்றுமில்லாமல் அழுத்திக் காட்டினேன். சிரித்துவிட்டார். வெளியே போகச் சொல்லிக் கையைக் காட்டினார்.

நாயகம் கார் கொண்டு வந்திருந்தான். மூன்று மணி நேரம் மேற்கே போனால் ஸ்லைகோ என்று கடலோரத்தில் சின்ன ஊர். வழி நெடுக மழையும் ஆடுகளும்தான். அவனே கார் ஓட்டினான்; ஊரில் டிவிஎஸ் பிஃப்டியைத் தாண்டாதவன். வழி முழுக்கப் பேசிக்கொண்டே வந்தான். பாலத்தைக் காட்டினான், மலையைக் காட்டினான், இங்கே எருமையே கிடையாது என்றான். கடையில் ஒரு நாளைக்கு இருபது வார்த்தை பேசினால் அதிகம். அவனுக்கு இவ்வளவு பேச்சு எங்கே இருந்தது?

வாசலிலேயே வடிவு, அவன் பெண்டாட்டி. இங்கே ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ்.

"வாங்க அத்தான். அக்காவையும் கூட்டிட்டு வந்திருக்கலாம்லா?"

"அவ வந்தா கடைய யாரு பாப்பா?"

"கடை எங்கயும் ஓடிப் போயிராது அத்தான்" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனாலும் மனதில் நின்றுவிட்டது.

டிசம்பர் 30, செவ்வாய்

மூன்று நாளாக நோட்டம் பார்க்கிறேன். வியாபாரி ஒரு ஊருக்குப் போனால் முதலில் நோட்டம் பார்ப்பான்.

அவன் ஏன் வந்தான் என்பதற்கு நான் நினைத்து வைத்திருந்த காரணங்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துவிட்டேன்.

வசதிக்காகவா? இல்லை. ஊரில் மாடி வீடு, இங்கே தீப்பெட்டியை அடுக்கி வைத்த மாதிரி வரிசை வீட்டில் ஒன்று. மாடி ஏறும்போது தலை இடிக்கிறது. வேலை அந்தஸ்துக்காகவா? ஊரில் முதலாளி. இங்கே மரமும் பெயின்டும் குழாயும் விற்கிற ஒரு கடையில் மத்தியானத்திலிருந்து ராத்திரி வரை சாமான் அடுக்குகிறான். பெண்டாட்டி பிடுங்கல் என்றால், வடிவு வேலைக்குப் போவதை நான் தடுத்ததே இல்லை. அதைச் சொல்லிக் காட்டியதும் இல்லை. என் வீட்டுக்காரி தாயம்மாளுக்கும் அவளுக்கும் அடுப்படியில் ஏதாவது இருந்ததா என்று போனில் கேட்டேன். "ஒங்களத் தவிர அவளுக்கு ஒருத்தரோடயும் சண்ட இல்ல" என்றாள் தாயம்மாள். என்னோடு என்ன சண்டை? நாங்கள் இருவரும் பேசிக்கொண்டதே குறைவு.

பிள்ளை படிப்பு என்றால் ஊரில் இல்லாத பள்ளிக்கூடமா? ஆவுடைக்கு ஒன்பது வயது. எங்கள் அம்மா பேர். கெட்டிக்காரி. அவளுக்கும் அப்பன் கை. மூன்று வருஷத்துக்கு முன்னால் நாயகம் டெங்குக் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தான். முதல் நாள் போணியை நானே செய்ய மனசில்லாமல் கடைப் பையன்களை விட்டுச் செய்தேன், கடை படுத்துவிட்டது. மறுநாள் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையை யூனிபார்மோடு வண்டியில் ஏற்றிக் கடைக்குக் கொண்டுபோய், ஒரு டம்ளரை அவள் கையால் எடுத்துக் கொடுக்கச் சொன்னேன். அன்றைக்கு வியாபாரம் பிய்த்துக்கொண்டு போயிற்று. நாலு நாளும் அப்படியே. பிள்ளைக்கு வெள்ளிக் கொலுசு வாங்கிக் கொடுத்தேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தவனிடம், "இனி கவலை இல்லல. ஒனக்கப்புறம் கடைக்குக் கை ரெடி" என்று சொன்னேன். சிரித்தான் என்றுதான் ஞாபகம்.

அதற்கு அடுத்த மாதம்தான் வடிவு வெளிநாட்டு நர்ஸ் வேலைக்கான இங்கிலீஷ் பரீட்சைக்குப் படிக்க ஆரம்பித்தாள். அதுவும் எனக்குப் பிறகுதான் தெரியும்.

ஒரு காரணமும் நிற்கவில்லை. குழப்பமாக இருக்கிறது.

ஜனவரி 1, வியாழன்

புது டைரி. சிவகாசியில் அச்சடித்துச் சரக்குக் கம்பெனிக்காரர்கள் கொடுத்தது. முதல் பக்கத்தில் நல்லதாக எழுத வேண்டும் என்று நினைத்திருந்தேன்.

காலையில் ஆவுடை என் மடியில் வந்து உட்கார்ந்தாள். பள்ளிக்கூடத்தில் இவளை "ஆவி" என்று கூப்பிடுகிறார்களாம். நமக்கு அது பேய் என்று சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு என் மீசையைத் தொட்டுக்கொண்டு, "பெரியப்பா, நீங்கதான மூணு மணி?" என்றாள்.

"என்ன மூணு மணி?"

"அம்மா போன்ல ஒங்க பேரு 'மூணு மணி'ன்னுதான் இருக்கும். மூணு மணிக்கு அடிப்பீங்கள்லா, அதான்."

நாயகம் சட்டென்று, "ஏட்டி, போய்ப் பல்லு வெளக்கு" என்றான். வடிவு பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் திரும்பவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. சிரித்தாளா என்று தெரியவில்லை.

இவன் கிளம்பி வந்த புதிதில் நாலு மாதம், தினமும் காலை எட்டரைக்குக் கடையிலிருந்து போன் போடுவேன். முதல் ஆள் வந்து நிற்பார். போனைப் பாத்திரத்தின் மேல் பிடிப்பேன். "நல்லா இருங்க, வாங்கிக்கிடுங்க" என்று அவன் குரல் வரும். பிறகுதான் பாத்திரத்தைக் கொடுப்போம். கை இல்லாவிட்டாலும் வாய்ச்சொல்லாவது இருக்கட்டும் என்று. மாசியில் ஒரு நாள் போன் ரிப்பேர் என்றான். அதற்குப் பிறகு அந்த நேரத்தில் எடுக்கவே இல்லை.

இந்த ஊர்க் கடிகாரத்தைப் பார்த்து விரல் விட்டு எண்ணினேன். நமக்கு எட்டரை என்றால் இவர்களுக்கு விடியற்காலை மூன்று.

நாலு மாதம். ஒரு நாளும் அவன் சொல்லவில்லை. நானும் ஒரு நாளும் கேட்கவில்லை. அங்கே எத்தனை மணி என்று கேட்க வேண்டும் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை?

ஜனவரி 3, சனி

இந்த ஊரில் காலை எட்டரைக்கும் முழு இருட்டு. நான் குளித்து, திருநீறு பூசி, கீழே இறங்கினால் நாயகம் அடுப்படி மேசையில் டீ வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். இரண்டு கையும் மடியில். ஒன்றும் செய்வதில்லை. சன்னலைப் பார்க்கிறான். சன்னலில் ஒன்றும் தெரியாது, அவன் முகம்தான் தெரியும். ஒன்பது மணிவாக்கில் வெளுக்கும். அதற்குப் பிறகு எழுந்து வேலையைப் பார்க்கிறான்.

"என்னல செய்யுத?"

"ஒண்ணும் செய்யலண்ணே." சந்தோஷமாகத்தான் சொன்னான். "அதான் செய்யுதேன்."

சரியான நேரம் என்று டிக்கெட்டை எடுத்து மேசையில் வைத்தேன். பதினைந்து நாள் வந்துவிட்டுப் போ, கடை திறக்கட்டும், நீயே உன் கையால் முதல் பாத்திரம் கொடு, பிறகு உன் இஷ்டம் என்றேன். நான் கேட்கிற விலை அவ்வளவுதான். அதிகம் இல்லை.

டிக்கெட்டைக் கையில் எடுக்கவில்லை. குனிந்து படித்தான்.

"யோசிக்கேன்ணே."

"இதுல யோசிக்க என்னல இருக்கு?"

"அதான் யோசிக்கேன்" என்றான்.

ஜனவரி 5, திங்கள்

மழை. இங்கே குப்பைக்கு மூன்று தொட்டி. பச்சை, பழுப்பு, கறுப்பு. எந்த நாளுக்கு எது என்று தப்பாமல் வைக்க வேண்டும். நான் பழுப்புக்குப் பதில் பச்சையை வைத்துவிட்டேன். வண்டிக்காரர் எடுக்காமல் போய்விட்டார். ஆவுடை, "பெரியப்பாவுக்கு இன்னும் பழகல" என்று சமாதானம் சொன்னாள்.

ஜனவரி 7, புதன்

கடைத்தெருவில் பாத்திரம் பார்த்தேன். தகடு மெலிசு, கைப்பிடிக்கு இரண்டே ரிவெட். நம் சரக்கு இங்கே வந்தால் நன்றாகப் போகும். இதை நாயகத்திடம் சொல்ல வேண்டும்.

மத்தியானம் அவன் வேலைக்குப் போன பிறகு நானும் வடிவும் வெங்காயம் உரித்தோம். இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை, ஊர் நடுவில் கார் நிறுத்துகிற மைதானத்தில் சந்தை கூடுமாம். அதில் இவர்கள் தோசைக் கடை போடுகிறார்கள். இந்தச் சனிக்கிழமை உண்டு. அதற்குத்தான் வெங்காயம்.

"அத்தான், ஒண்ணு கேக்கட்டா?"

"கேளு."

"அன்னைக்கு ஆஸ்பத்திரியில இருந்து கடைக்குப் போன் வந்துச்சுல்லா. எத்தன மணிக்கு வந்துச்சு?"

"என்னைக்கு?"

கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். எனக்குத் தெரியும். பதின்மூன்று வருஷத்துக்கு முந்தின தை மாதம். ஆவுடைக்கு முன்னால் இவர்களுக்குப் பிறந்த ஒரு பையன் இரண்டாம் நாளே இறந்த நாள். எங்கள் வீட்டில் யாரும் அதைப் பேசுவதில்லை.

"ஞாபகம் இல்லம்மா."

"எட்டு இருபத்தஞ்சு. நர்ஸக்கா என் கட்டில் பக்கத்துல நின்னுதான் பேசுனாங்க. நான் சுவத்துக் கடியாரத்தப் பாத்துட்டே கெடந்தேன். ஆஸ்பத்திரிக்கும் கடைக்கும் மூணு தெரு. ஒங்க தம்பி வந்தது ஒம்பது மணிக்கு."

"அன்னைக்கு முதல் முகூர்த்தம். கடையில கூட்டம்."

"சரி."

"ஒரே கூட்டம்மா."

"சரி அத்தான். எட்டு அம்பது வரைக்கும் புள்ளைக்கு உசுரு இருந்துச்சு. அதச் சொல்லணும்னு தோணுச்சு. வேற ஒண்ணுமில்ல" என்றாள். கத்தியை எடுத்து மறுபடியும் உரிக்க ஆரம்பித்தாள்.

வெங்காயம் மொத்தம் நாலு கிலோ. உரித்து முடித்துவிட்டோம்.

ஜனவரி 8, வியாழன்

நேற்று எழுதியதில் ஒன்று விட்டுப்போயிற்று.

போனை எடுத்தது நான். "உடனே வரச் சொல்லுங்க" என்றுதான் அந்த நர்ஸ் சொன்னாள். முதல் ஆள் ஏற்கனவே வந்து நின்றாள். மகள் கல்யாணத்துக்குச் சீர் பாத்திரம் எடுக்க வந்த அம்மாள். ஐந்து நிமிஷம்தானே, போணி ஆகட்டும், உடனே அனுப்பிவிடலாம் என்று நினைத்தேன். அந்த அம்மாள் பித்தளைக் குடத்தைத் தட்டித் தட்டிப் பார்த்தாள். வேறு குடம் கேட்டாள். மறுபடியும் முதல் குடத்தையே கேட்டாள்.

அன்றைக்கு வியாபாரம் நன்றாக நடந்தது. இதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

ஜனவரி 9, வெள்ளி

அவனுக்குத் தெரியுமா?

ஜனவரி 10, சனி

விடிவதற்கு முன்பே கிளம்பினோம். காரில் மாவு வாளி, இரண்டு கேஸ் அடுப்பு, நான் கொண்டுவந்த தோசைக்கல். மைதானத்தில் கூடாரம் அடித்தார்கள். பக்கத்தில் ஒருவர் பாலாடைக்கட்டி விற்கிறார், எதிரே ஒரு கிழவி கம்பளிக் குல்லாய். எல்லோருக்கும் இவனைத் தெரிகிறது. குல்லாய்க்காரி இவனிடம் ஏதோ சொல்ல, இவன் பதிலுக்கு ஏதோ சொல்ல, அவள் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தாள். என் தம்பி இங்கிலீஷில் ஒருத்தியைச் சிரிக்க வைக்கிறான். நான் மாவு வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

முதல் ஆள் நாயோடு வந்த ஒரு வெள்ளைத் தாடிக்காரர். நாயகத்தின் இரண்டு கையும் மாவில். தோசையை மடித்து அட்டைத் தட்டில் வைத்துவிட்டு, "அண்ணே, அத அவருக்குக் குடுங்க" என்றான்.

நான் நகரவில்லை.

ஏன் என்று இங்கே எழுதினால் யாருக்கு நஷ்டம்? என் முதல் கடையை என் கையால் போணி செய்துதான் திறந்தேன். எட்டு மாதத்தில் மூடினேன். இரண்டாவது தடவை திறந்தபோது, பரீட்சை எழுதிவிட்டுக் கடைக்கு வந்த தம்பி விளையாட்டாக ஒரு குடத்தை எடுத்து ஒரு பெண்ணுக்குக் கொடுத்தான். அன்றிலிருந்துதான் ஏறுமுகம். அதற்குப் பிறகு எந்தக் கடையிலும் முதல் பாத்திரத்தை நான் தொட்டதில்லை. ஊரில் என்னை அஞ்சாதவன் என்பார்கள். எட்டரை மணிக்கு நான் எங்கே நிற்பேன் என்று யாரும் பார்த்ததில்லை. கடையின் பின்பக்கம், அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் நிற்பேன்.

"நான் வேண்டாம்ல. ஆவுடையக் குடுக்கச் சொல்லு" என்றேன்.

அவள் ஸ்டூலில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். நாயகத்தின் முகத்தில் இருந்த சிரிப்பு நின்றது. பழைய கடை முகம் வந்தது.

"புள்ள வரையுதுண்ணே. நீங்க குடுங்க."

கொடுத்தேன். தாடிக்காரர் ஏதோ சொன்னார். நாய் என் செருப்பை மோந்து பார்த்தது.

கால் மணி நேரத்தில் மழை பிடித்தது. சும்மா மழை இல்லை, படுக்கைவாட்டில் அடிக்கிற மழை. ஒரு மணி வரைக்கும் பதினோரு தோசை போயிற்று. நல்ல நாளில் அறுபது போகுமாம். மாவு அப்படியே வாளியில் இருந்தது. எனக்கு அவமானமாக இருந்தது.

"நான் அப்பவே சொன்னேன்லா? என் கை அப்படி."

நாயகம் என்னைப் பார்த்தான், ஒன்றும் புரியாதவன் போல. பிறகு கூடாரத்துக்கு வெளியே கையை நீட்டினான். கையில் தண்ணீர் கொட்டியது.

"மழைண்ணே" என்றான். "இது மழை. ஒங்க கை இல்ல."

அவ்வளவுதான். யாரும் முகத்தைச் சுளிக்கவில்லை. வடிவு மிச்ச மாவுக்கு ஊத்தப்பம் என்று முடிவு செய்து, ஆவுடையைக் கூட்டிக்கொண்டு காரில் போய் உட்கார்ந்தாள். நாங்கள் இரண்டு பேரும் கூடாரத்துக்குள் டீயோடு நின்றோம். மழை விட்டால்தான் கம்பியைப் பிரிக்க முடியும்.

எனக்கு வேறு எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. "அன்னைக்குப் போன் வந்தது ஒனக்குத் தெரியுமால?" என்றேன்.

எந்தப் போன் என்று அவன் கேட்கவில்லை.

"தெரியும்ணே. போன வச்சதும் ஒங்க மூஞ்சி ஒரு மாதிரி இருந்துச்சு. நீங்க ஒண்ணும் சொல்லல. 'அம்மாவுக்கு அந்தக் கொடத்த எடுத்துக் குடு'ன்னீங்க. யாருண்ணே போன்லன்னு நான் கேட்டிருக்கலாம். கேக்கல. கொடத்தத் தொடச்சேன். ரெண்டு கையாலயும் குடுத்தேன். நல்லா இருங்கம்மான்னேன். பெறவுதான் கேட்டேன்."

"என் மேல கோவம்னா அப்பவே நாலு வார்த்த கேட்டிருக்கலாம்லா?"

"ஒங்க மேல கோவம்னா பக்கத்துத் தெருவுலயே போட்டிக்குக் கடை போட்டிருப்பேனே. அயர்லாந்துக்கு எதுக்கு வாரேன்?" சிரித்தான். பிறகு கையைப் பார்த்தான். நகக்கண்ணில் மாவு காய்ந்திருந்தது. "இந்தக் கை குடுத்துச்சு பாத்தீங்களா, அதாண்ணே எனக்கு ஆறல. புள்ளைக்கு என்னமோன்னு எனக்குத் தெரியுது, இது பாட்டுக்குக் கொடத்தத் தொடைக்கி. எட்டரை அடிச்சா இதுக்கு எசமான் நான் இல்ல, நீங்கதான். சரி, என் காலம் இப்பிடியே போவட்டும்னுதான் இருந்தேன். பெறவு ஆவுடைய யூனிபார்மோட கூட்டிட்டுப் போனீங்க."

"புள்ள ஒரு டம்ளர் எடுத்துக் குடுத்துச்சு. அதுல என்னல இருக்கு?"

"எனக்கும் மொதல்ல அப்பிடித்தாண்ணே இருந்துச்சு. ஒரு கொடம். அதுல என்ன இருக்கு?"

எதிரே குல்லாய்க்காரி தன் கூடாரத்திலிருந்து எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினாள். நாயகமும் ஆட்டினான். என்ன செய்வதென்று தெரியாமல் நானும் ஆட்டினேன்.

ஜனவரி 11, ஞாயிறு

ஊத்தப்பம். மூன்று வேளையும்.

அவனிடம் ஒன்று சொல்ல வேண்டும் என்று நாள் முழுக்க நினைத்தேன். இரண்டு தடவை அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஒரு தடவை, அடுப்பில் பர்னர் சரியில்லை, தீ ஒரு பக்கமாக எரிகிறது என்று சொன்னேன். இன்னொரு தடவை, இங்கே பாத்திரம் மெலிசு என்று சொன்னேன். இரண்டும் உண்மைதான்.

ஜனவரி 13, செவ்வாய்

காலையில் வடிவு எனக்குப் புளிசாதம் கட்டிக் கொடுத்தாள். கையில் வாங்கிக்கொண்டு, "நான் அன்னைக்கு உடனே அனுப்பிச்சிருக்கணும்மா" என்றேன். வாய் தானாகச் சொன்னதா, நான் சொன்னேனா என்று தெரியவில்லை. அவள் டப்பாவின் மூடியை மறுபடியும் ஒரு தடவை அழுத்தி மூடினாள்.

"ஆமா அத்தான்" என்றாள். பரவாயில்லை என்று சொல்லவில்லை. சொல்லுவாள் என்று ஏன் எதிர்பார்த்தேன்?

டப்ளின் வரைக்கும் நாயகம்தான் ஓட்டினான். இரண்டாவது டிக்கெட் என் சட்டைப் பையிலேயே இருந்தது. வருகிறாயா என்று நான் திரும்பக் கேட்கவில்லை, வரவில்லை என்று அவனும் சொல்லவில்லை. விமான நிலையத்தில் பெட்டியை இறக்கும்போது மட்டும் கேட்டேன்.

"இங்க விடியக்காலம் மூணு மணின்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லால?"

"நீங்க ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா" என்றான். கோபமாக இல்லை. என் மப்ளரைச் சரி பண்ணிவிட்டான், நான் சின்னப் பிள்ளை மாதிரி.

விமானத்தில் பக்கத்து சீட் காலி. அதுவும் நான் வாங்கினதுதான். மப்ளரைக் கழற்றி அதில் வைத்தேன்.

ஜனவரி 15, வியாழன்

வீடு. பொங்கல். தாயம்மாள், "தம்பி எங்க?" என்றாள். "தூங்குதான்" என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

ஜனவரி 23, வெள்ளி

கடை திறந்தாயிற்று. வாழைமரம், பந்தல், நாதஸ்வரம், எல்லாம் முறைப்படி. டவுன் வியாபாரிகள் எல்லோரும் வந்திருந்தார்கள். எட்டு இருபதுக்கு நான் வழக்கம்போல் பின்பக்கம் போனேன். புதுக் கடையில் அட்டைப்பெட்டியெல்லாம் மாடியில். மறைந்து நிற்க இடம் இல்லை.

தாயம்மாள் போனோடு வந்தாள். "மணி எட்டு இருவத்தெட்டு. தம்பியக் கூப்புடுங்க. நேர்லதான் வரல, ரெண்டு வார்த்தையாவது சொல்லட்டும்."

"வேண்டாம்."

"என்ன சொல்லுதீங்க? மொத நாளு!"

"அங்க மூணு மணி, தாயி. தூங்கட்டும்."

முன்னால் போனேன். முதல் ஆளாக நின்றது பூ விற்கிற ஒரு அம்மாள். தூக்குவாளி கேட்டாள், மூன்று லிட்டர். அலமாரியிலிருந்து எடுத்தேன். துண்டால் துடைத்தேன். இரண்டு கையாலும் கொடுத்தேன். மூடி கிடுகிடுவென்று சத்தம் போட்டது.

"ஏன் அண்ணாச்சி, கை இந்த ஆட்டம் ஆடுது? இன்னும் காப்பி குடிக்கலையா?"

"இல்லம்மா" என்றேன். "நல்லா இருங்க."

மத்தியானம் ஐந்தாறு பேர். பிறகு ஆள் நடமாட்டமே இல்லை. முதல் நாளுக்கு இது ரொம்பக் குறைச்சல். ஊழியர்கள் என் முகத்தைப் பார்க்காமல் பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

நாலு மணிக்குப் போன் அடித்தது. நாயகம். அவனுக்குக் காலை பத்தரை, எண்ணிப் பார்த்துக்கொண்டேன்.

"எப்பிடிண்ணே கடை? யாரு போணி?"

"நான்தான்."

அந்தப் பக்கம் அவன் டீ டம்ளரைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"வியாபாரம்?"

"சுமார்தான்ல."

"மழையாண்ணே?"

வாசலைப் பார்த்தேன். நெல்லையப்பர் கோயில் கோபுரத்தில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. வாழைமரத்து இலையெல்லாம் காய்ந்து தொங்கியது. ஒரு மேகம் கிடையாது.

"ஆமால" என்றேன். "நல்ல மழை."